பச்சைச் சோபாவும் பஞ்ச மாசங்களும்

வீடு விக்கிறதுக்கு முன்னால அந்த வீட்டுக்கு மேக்கப் போட்டு விடுறது தான் என்ர தொழில். இங்கிலிசில ஹோம் ஸ்டேஜிங் எண்டு சொல்லுவினம். வெள்ளவத்தையில அப்பிடிச் சொன்னா, "அப்ப நீங்கள் புரோக்கரோ?" எண்டு தான் கேப்பினம். புரோக்கர் இல்லை. வெறுமையாக் கிடக்கிற ஃபிளட்டுக்குள்ள நானும் என்ர மனுசனும் சோபா, சன்னலுக்குக் கேட்டின், லாம்பு, பூச்சாடி, குஷன் எல்லாம் கொண்டு போய் வைப்பம். பாக்க வாற ஆளுக்கு, இஞ்ச இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சா எப்பிடி இருக்கும் எண்டு ஆசை வரவேணும். வீடு விலைப்பட்ட அடுத்த நாள் எல்லாத்தையும் கழட்டி லொறியில ஏத்திக்கொண்டு வந்திடுவம். கலியாணத்துக்கு நகை இரவல் குடுக்கிற மாதிரி எண்டு வையுங்கோவன்.

மாசச் சம்பளம் இல்லாத என்ர சகோதரங்களே, உங்களுக்குத் தான் இது விளங்கும். ஒரு மாசம் நாலு வீடு வரும், சாப்பிட நேரம் இருக்காது. அடுத்த மாசம் நேரம் நிறைய இருக்கும், சாப்பாட்டைத் தான் யோசிக்க வேணும். இந்த வருசம் அது முத்திப் போய், நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீடே கையை விட்டுப் போகப் பாத்தது. மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரம், பல்கனியில நிண்டா றெயிலும் கடலும் தெரியும், எட்டு வருசமா இருக்கிறம். அதை எப்பிடித் தொலைக்கப் பாத்தம் எண்டு தான் சொல்ல வாறன்.

லிஃப்ட்டில போன அப்பா

தை மாசம் நல்ல மாசம். பம்பலப்பிட்டியில ஒரு ரீச்சரின்ர ஃபிளட். எங்கட தொழில்ல முதல் சட்டம், சொந்தக்காரரின்ர குடும்பப் படங்களைக் கழட்ட வேணும். வாங்க வாறவை தங்கட முகத்தைத் தான் அந்தச் சுவரில நினைச்சுப் பாக்க வேணும், உங்கட மச்சானின்ர பட்டமளிப்பை இல்லை. ரீச்சர் எல்லாத்துக்கும் ஓம் எண்டா. ஆனா தகப்பன்ர படத்தை மட்டும் கழட்ட விடேல்லை. பெரிய படம், மாலை, கீழ ஒரு சிவப்பு பல்ப். "அப்பா பாத்துக்கொண்டு நிண்டாத் தான் நல்ல விலை வரும்" எண்டு சொல்லிப்போட்டா.

ஒரு புருசனும் பெஞ்சாதியும் பாக்க வந்திச்சினம். அந்தப் பெஞ்சாதி நான் வச்ச ஒரு குஷனையும் பாக்கேல்லை, நேர படத்துக்கு முன்னால போய் நிண்டிட்டா. "இவர் இந்த வீட்டிலயோ காலமானவர்?" எண்டு மெல்லமாக் கேட்டா. அவவுக்குப் பின்னால நிண்டு நான் ரீச்சருக்கு, இல்லை எண்டு சொல்லுங்கோ எண்டு தலையை ஆட்டுறன், கழுத்துச் சுளுக்கிற அளவுக்கு ஆட்டுறன். பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதேங்கோ எண்டு முப்பது வருசம் படிப்பிச்ச மனுசி. வகுப்பில பாடம் நடத்துற அதே குரலில, ஆறுதலாச் சொன்னா: "இல்லைப் பிள்ளை, வீட்டில இல்லை, லிஃப்ட்டில தான்."

எல்லாச் சாமியும் ஒரே நேரத்தில

தை முடிய மாசி வந்திச்சு. கொழும்பில எங்கட தொழிலுக்கு எல்லாச் சமயமும் சேந்து தான் வேட்டு வைக்கும். நோம்பு துவங்கினா முஸ்லிம் ஆக்கள் வீடு பாக்கிறதைக் குறைச்சிடுவினம். அதே நேரம் கத்தோலிக்க ஆக்களுக்குத் தவக்காலம். அது முடியச் சித்திரை வருசம், சிங்கள ஆக்கள் ஊருக்குப் போயிடுவினம். பேந்து ஆடி வந்தா எங்கட ஆக்கள் ஒரு துரும்பும் வாங்காயினம். நான் எல்லாக் கோயிலுக்கும் போறனான், எல்லா இடத்திலயும் ஒரே வேண்டுதல் தான்: கொஞ்சம் தள்ளித் தள்ளி வாங்கோவன்.

சாமான் எல்லாம் கொட்டாஞ்சேனையில மேரி அன்ரியின்ர கராஜில தான் வாடகைக்கு வச்சிருந்தனாங்கள். மாசியில ஒரு வீடும் வராததால கராஜை விட்டிட்டு, எல்லாத்தையும் எங்கட ஃபிளட்டுக்குக் கொண்டு வாறதெண்டு முடிவெடுத்தம். லொறிக்காரச் சிங்களப் பெடியன் நிமால் மல்லியின்ர சின்னப் பட்டா லொறியில மூண்டு தரம் ஏத்தினம். கடைசியாப் பச்சைச் சோபா. மூண்டு பேர் இருக்கலாம், வெல்வெட், எங்கட தொழிலின்ர கதாநாயகி அவ தான். இடது கைப்பிடியில மட்டும் ஒரு சின்னத் தழும்பு, ஆரோ வீடு குடிபூர நாள் கற்பூரத் தட்டை அதில வச்சவை. நிமால் அதைத் தூக்கிக்கொண்டு, "அக்கே, இந்த சோபா என்ன விட கூட கொழும்பு சுத்தி இருக்கு" எண்டான்.

கராஜின்ர பூட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுக்கப் போனன். மேரி அன்ரி வாசலில நிண்டு சிலுவை போட்டா. என்ர முகத்தைப் பாத்திட்டு, கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "கவலைப்படாத மகள், தவக்காலத்தில நான் இறைச்சிய விட்டிருக்கிறன், நீ கராஜ விட்டிருக்கிறாய், ரெண்டு பேருக்கும் உயிர்ப்பு ஞாயிறு வரும்."

பொம்பிளை பாக்கிற இடத்தில சோபா

பஞ்ச மாசத்தில ஒரு யோசினை வந்தது, என்ர மனுசன்ர யோசினை. வீடு விக்கிறவைக்கு மட்டும் ஏன், பொம்பிளை பாக்க மாப்பிள்ளை பகுதி வருகினம் எண்டா அந்த வீட்டுக்கும் ஒரு நாளுக்குச் சாமான் குடுக்கலாம் தானே. தெஹிவளையில ஒரு தாய் கேட்டா. அவவின்ர சோபா நடுவில பள்ளமாம், இருந்தா எழும்ப ஆள் வேணுமாம். பச்சைச் சோபா போச்சுது. பக்கத்து வீட்டு அக்கா எண்டு சொல்லிக்கொண்டு நானும் போனன், ரீ குடுக்கிறதுக்கும் சோபாவில ரீ ஊத்துப்படாமப் பாக்கிறதுக்கும்.

மாப்பிள்ளையின்ர பெரியம்மா வந்தா. றேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கதைப்பா, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி. நான் செய்து காட்டினா என்ர மகள் இப்பவும் கட்டிலில உருளுவாள். பெரியம்மா இருந்தா, கைப்பிடியைத் தடவினா, விரல் தழும்பில நிண்டிட்டுது. "இந்தச். சோபாவை. நான். கல்கிசையில. வீடு. பாக்கப். போன. இடத்தில. கண்டனான்" எண்டா. பொம்பிளையின்ர தாய் சுவரைப் பாக்கிறா, தகப்பன் காத்தாடியைப் பாக்கிறார், நான் ரீத் தட்டோட நடு ஹோலில நட்ட கம்பம். அந்தக் கலியாணம் சரி வந்தது, அதால தான் துணிஞ்சு எழுதுறன். பெரியம்மா எங்கள் எல்லாரையும் ஒருக்காச் சுத்திப் பாத்திட்டுக் கேட்டா: "சரி, சோபா இரவல் எண்டு விளங்குது, பிள்ளையாவது இந்த வீட்டுப் பிள்ளை தானே?"

சிறி அண்ணை கண்ட அழகு

அடுத்த பஞ்சம் ஆடி. திருப்பியும் சாமான் முழுக்க எங்கட வீட்டில. சும்மா அடுக்கி வச்சா என்ன எண்டு கேப்பியள். என்னால ஏலாது. ஒரு குஷன் சரிஞ்சு கிடந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. ரெண்டு நாளில எங்கட ஹோல் ஹொட்டல் லொபி மாதிரி வந்திட்டுது. லாம்பு ஒரு மூலையில, பெரிய கண்ணாடி ஒரு பக்கம், நடுவில பச்சைச் சோபா.

அண்டைக்குத் தான் எங்கட வீட்டுச் சொந்தக்காரர் சிறி அண்ணை கனடாவில இருந்து வந்து இறங்கினார், வழியில வாங்கின மாம்பழமும் கையுமா. அவர் கதைக்கிறது, "லைக், யூ நோ, தங்கச்சி, லைக்" எண்டு தான் துவங்கும். வாசலில நிண்டவர் செருப்பைக் கழட்ட மறந்து போனார். போன முறை அவர் வரேக்க இஞ்ச இருந்தது ரெண்டு பிளாஸ்டிக் கதிரையும் ஒரு கொடியில காயிற உடுப்பும். இப்ப சோபாவில சாஞ்சு, மேல பாத்து, "தங்கச்சி, லைக், இதெல்லாம் ஆற்ர?" எண்டார்.

இஞ்ச தான் நான் பிழை விட்டது. வாடகை ஒப்பந்தத்தில வியாபாரச் சாமான் வீட்டில வைக்கக் கூடாது எண்டு ஒரு வரி இருக்கு. அது ஞாபகம் வந்ததும் வாய் தானாச் சொல்லிப்போட்டுது: "எல்லாம் உங்கட வீட்டுக்கெண்டு செய்தது தான் அண்ணை." மனுசன்ர கண் கலங்கீட்டுது. எழும்பி ஒவ்வொரு அறையாப் போய்ப் பாத்தார், போன்ல படம் எடுத்தார். நான் உள்ளுக்க பெருமைப்பட்டுக்கொண்டு நிண்டன். திரும்பி வந்து என்ர தலையில கை வச்சு ஆசீர்வாதம் மாதிரிச் சொன்னார்: "யூ நோ தங்கச்சி, என்ர வீடு இவ்வளவு வடிவெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது, நான் போறதுக்கிடையில இதை வித்துப்போட்டுத் தான் போகப் போறன்."

ஆடிக் காவல்

இரவு முழுக்க எனக்கும் என்ர மனுசனுக்கும் நித்திரை இல்லை. வேற வீடு எண்டா இந்த வாடகைக்குக் கிடைக்காது, மகளின்ர பள்ளிக்கூடமும் தூரமாப் போயிடும். விடியத் தான் ஒரு ஆறுதல் வந்தது. ஆடி மாசம் தானே. ஆர் வீடு வாங்குவினம்? வருசா வருசம் நான் திட்டின ஆடியை அண்டைக்குத் தான் கையெடுத்துக் கும்பிட்டன். ஆவணி பிறக்க முதல் சிறி அண்ணை பிளேன் ஏறீடுவார்.

மூண்டாம் நாள் அவர் ஃபோன் பண்ணினார். கொட்டாஞ்சேனையில இரும்புக் கடை வச்சிருக்கிற ஒரு ஹாஜியார் பின்னேரம் பாக்க வாறாராம். ஹாஜியாருக்கு என்ன ஆடி? நான் அதை யோசிக்கவே இல்லை.

"வீட்டை அலங்கோலமாக்குவம், பாத்திட்டு ஓடட்டும்" எண்டார் இவர். சாமானை வெளிய அனுப்ப வழியில்லை, நிமால் கதிர்காமத்துக்குப் போயிட்டான். அதால சோபாவுக்கு மேல ஈர உடுப்பைக் குவிச்சம். கேட்டினைக் கழட்டினம். ஹோலுக்குக் குறுக்கால கொடி கட்டினம். குசினியில கருவாடு பொரிச்சம். இவர் பழைய சாரம் கட்டிக்கொண்டு பாயில படுத்துக் குறட்டை விடுறது எண்டு ஏற்பாடு, அதுக்கு அவருக்குப் பயிற்சி தேவையில்லை.

ஹாஜியார் சிறி அண்ணையோட வந்தார். கருவாட்டு மணத்துக்கு முகம் சுளிக்கேல்லை, "நல்ல கட்டாக் கருவாடு" எண்டு சொல்லிக்கொண்டு நேர பாத்ரூமுக்குப் போய் ஒவ்வொரு பைப்பாத் திறந்து பாத்தார். சுவரைத் தட்டினார். அறையளுக்குள்ள ஒரு பத்து நிமிசம் நிண்டிருப்பார். சிறி அண்ணையும் அவருக்குப் பின்னால போயிட்டார், ஹோலில நானும் பாயில படுத்த இவரும் தான். சோபாவில ஈர உடுப்பு, வெல்வெட்டில தண்ணி ஊறுது. ஒரு உடுப்பை மட்டும் எடுத்தன். பேந்து எல்லாத்தையும் எடுத்தன். குஷன் நசிஞ்சு கிடந்தது, தட்டி வச்சன். கொடி கண்ணை உறுத்திச்சு, அவிட்டன். பாயில கிடந்த இவர் ஒரு கண்ணைத் திறந்து, "என்னடியப்பா செய்யிறாய்?" எண்டு குறட்டைக்கு நடுவில கேட்டார். கை நிக்கேல்லை. லாம்பையும் போட்டன்.

ஹாஜியார் வெளிய வந்து நிண்டார். "நான் உள்ள போகக்குள்ள ஒரு ஊடு ஈந்திச்சு, வெளிய வரக்குள்ள வேற ஊடு ஈக்குது" எண்டார். எனக்கு அழுகை வந்திட்டுது. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், உடுப்பு, கருவாடு, குறட்டை, ஆடி, மகளின்ர பள்ளிக்கூடம். அவர் சிறி அண்ணையைப் பாத்தார், என்னைப் பாத்தார், சிரிச்சார். தான் இருக்கிறதுக்கு வாங்கேல்லையாம், வாடகைக்கு விடத் தானாம், இப்பிடிப் பாத்துக்கொள்ளுற ஆள் எங்க தேடினாலும் கிடைக்காதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்ப அவர் பச்சைச் சோபாவில இருந்து, தழும்பு இருக்கிற கைப்பிடியில கையை வச்சுக்கொண்டு சொன்னார்: "நீங்க அதே வாடகைக்கு இஞ்சயே ஈங்க புள்ள, ஆனா இந்தச் சாமான் எல்லாம் ஊட்டோட சேத்தி எண்டு தான் சிறி எனக்கு வெல சொன்னது, அதால இந்தச் சோபாவ மட்டும் ஒரு இடத்துக்கும் அனுப்பப்படாது."

சகோதரங்களே, பத்து வருசமா ஊராற்ர வீட்டையெல்லாம் வித்துக் குடுத்த நான் இந்தப் பஞ்சத்தில வித்தது இருந்த வீட்டையும் இருந்த சோபாவையும் தான், ரெண்டிலயும் இன்னும் நான் தான் இருக்கிறன்.