பருத்தி எந்த எடையில் அறும்?

துணியை அறும்வரை இழுத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன டெஸ்டிங் லேப். தாலிக்கயிற்றையே ஒருமுறை மெஷினில் மாட்டிப் பார்க்கத் தோன்றும். போதாததற்கு, என் ஆறு மாதக் குழந்தை திருநின்றவூர் வீட்டில் பழைய பருத்திப் புடவைத் தூளியில் தூங்குகிறது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்புகிறவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

முறுக்கு

தறியில் நூல் அறுகிறது என்று திட்டு வாங்கிய நூல் ஏஜென்ட் ஒருவர், அந்த நூலுக்கான பஞ்சோடு வந்தார். மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். நன்றாக விளைந்த இழை தடித்த சுவரோடு, முறுக்கிய ரிப்பன் போல இருக்கும். அந்த முறுக்கால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. விளையாத இழை சுவர் மெலிந்து தட்டையாகக் கிடக்கும், இழுத்தால் போச்சு. அவர் கொண்டுவந்ததில் அதுதான் அதிகம். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"இன்னா மேடம், நல்லது முறுக்கிக்கினு கீது, கெட்டது சாதுவா படுத்துகினு கீது?"

ஓய்வு

பருத்தி காய்ந்தால் பலம் குறையும், ஈரம் ஏறினால் கூடும். அதனால் அளவான ஈரப்பதம் உள்ள அறையில் துணியை ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் இழுப்போம். ஏற்றுமதி கம்பெனிக்காரர் ஒருவர், இன்றே ரிப்போர்ட் வராவிட்டால் வேலை போய்விடும் என்று நின்றார். ஆனால் காய்ந்த துணியை இழுத்தால் நல்லதும் ஃபெயில் ஆகும். முடியாது என்றேன்.

"துணிக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடுக்கறீங்க. எனக்கு யாரு மேடம் குடுப்பா?"

தூளி

வெயிலும் பிளீச்சும் இழைக்குள் இருக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாக்கிவிடும். தொட்டால் மட்டும் மெத்தென்று இருக்கும். எங்கள் தூளிப் புடவை ரொம்பவே மெத்தென்று இருந்தது. பயம் தாங்காமல், தலைப்பில் ஒரு பட்டை கத்தரித்து எடுத்துப்போய் மெஷினில் மாட்டினேன். புதுத் துணி தாங்குவதில் பாதிகூடத் தாங்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். கணவருக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் குழந்தை அவர் பொறுப்பு. "பாப்பாவ உடனே கீழ எறக்குங்க!" என்று கத்தினேன். கூட வேலை செய்யும் மேரி, "அக்கா, நீங்க இழுத்தது ரெண்டு விரல் அகலம். முழுப் புடவையும் சேர்ந்தா ஆளையே தாங்கும்" என்றாள். எனக்கு எதுவும் ஏறவில்லை. மறுமுனையில் அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"தலைப்ப வெட்னது நீதானா? இன்னாத்துக்குக் கத்தற? தெனமும் நான் ஏறி உக்காந்து பாத்துட்டுதான் பாப்பாவப் போடறேன்."

அவருடைய அறுபது கிலோவைத் தினமும் தாங்கித் தாங்கி அந்தப் புடவை இன்னும் எவ்வளவு நைந்திருக்கும் என்பதுதான் இப்போது என் புதுக் கவலை.