சாதத்தை விட்டுட்டேன், மேடம்!

டயட்டீஷியனிடம் ஜனங்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், மாமியார் சண்டையைச் சொல்வார்கள். ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். கொண்டாப்பூரில் ஒரு சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் எனக்கு ஒரு சின்ன அறை. தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்ததும் ஹைதராபாத்தின் எந்த மூலையிலிருந்தும் நம் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். சோற்றைக் குறைக்கச் சொல்லி யாரிடமாவது திட்டு வாங்கியிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான், அதனால் மனம்விட்டுச் சொல்கிறேன்.

சப்பாத்தி விரதம்

சுந்தரராஜன் சார் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரானவர். மனைவி லலிதாம்மாவோடு வந்தார். "சாதத்தைத் தொட்டே மாசக்கணக்காச்சும்மா. அப்பவும் சுகர் இறங்கல. மாத்திரைதான் சரியில்ல" என்றார். சாதத்துக்குப் பதில் என்ன என்றேன். சப்பாத்தி. தொட்டுக்கொள்ள? உருளைக்கிழங்கு. எத்தனை சப்பாத்தி என்று கேட்டதும் சார் மின்விசிறியைப் பார்த்தார். லலிதாம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கோதுமையும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் மாறும், அளவுதான் முக்கியம் என்று சொன்னேன். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ, மிச்சத்தில் சாதமோ சப்பாத்தியோ அவர் இஷ்டம். சாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சாருக்கு முகமே மலர்ந்துவிட்டது. லலிதாம்மாதான் பெருமூச்சு விட்டார்: "இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, தெனம் ராத்திரி மாவு பிசைஞ்ச என் கை தப்பிச்சிருக்குமே!"

பந்தியில்

கல்யாண வீட்டுச் சாப்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அங்கே வருவது பிடிப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், எதிர் வரிசையில் உட்காரப்போன ஒருவர் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க நிதானமா சாப்பிடுங்க மேடம். நான் அடுத்த பந்தியில உட்கார்ந்துக்கறேன்."

நக்கோ

வசந்தா அக்காவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் இருக்கிறது. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் சாதம், இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் 'நக்கோ' என்று, அதாவது இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம் என்று, நிறுத்திவிட்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கி வந்தார். அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்தில் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வரும்போது உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை நினைவு தப்பவில்லை. கணவர் செல்வம் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் குடிக்க வைத்ததும் தெளிந்தார்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். செல்வம் அண்ணன் சட்டைப்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்திருந்தார். வழக்கமாகச் சாப்பிடுவதைக் கணக்குப் பண்ணித்தான் மாத்திரை அளவு எழுதுகிறார்கள், சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், நான் அளவாகச் சாதம் கொடுத்தேன். அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். பயம் கொஞ்சம் விலகியதும் செல்வம் அண்ணன் போட்டுக் கொடுத்தார்: "சாதம் நக்கோ, இட்லி நக்கோன்னு வீட்டையே விரட்டினவ, கண்ணு தெளிஞ்சதும் என்ன கேட்டா தெரியுமா? சர்க்கரைப் பாகுல ஊறின ரொட்டி, டபுள் கா மீட்டா!"

எண்ணெய் மேல் பழி

கார்த்திக்குக் கச்சிபௌலியில் ஐ.டி. வேலை. அப்பா சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனவர். ஆபீஸ் பரிசோதனையில் இவருக்கும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு எக்கச்சக்கம் என்று வந்ததும் ஆள் ஒடுங்கிவிட்டார். மதுரையிலிருந்து அம்மா தினமும் போன் செய்து, "நெஞ்சு ஏதும் வலிக்குதாப்பா?" என்று கேட்பாராம். எண்ணெய், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் கார்த்திக் ஒதுக்கியாகிவிட்டது. காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ், பாட்டில் ஜூஸ். டிராஃபிக்கில் நிற்கும் கேபுக்குள் பிஸ்கெட். சாயங்காலம் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கெட்டும். "ஸ்வீட் பக்கமே போறதில்ல மேடம்" என்றார், முழு நம்பிக்கையோடு.

மைதாவும் சர்க்கரையும் ஜூஸும் தேவைக்கு மேல் போனால், கல்லீரல் அதையே கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்பிவிடும் என்றேன். அவர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஜூஸை எடுத்துவிட்டுப் பழமாகவே கடிக்கச் சொன்னேன். காலைக்குப் பாசிப்பயறு தோசையான பெசரட்டு, கொறிக்க வேர்க்கடலை, சாயங்காலம் நடை.

சில மாதம் கழித்து இறங்கிய ரிப்போர்ட்டோடு வந்தார். மேஜையில் வைத்து என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "அம்மாவுக்கு இதை அனுப்பினேன் மேடம். நேத்து போன்ல 'சாப்டியா'ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுட்டாங்க."

ஊருக்கெல்லாம் நான் சோற்றைப் பிடுங்குகிறவள்தான். ஆனால் பாதி நாள் நான் செய்வதென்னவோ, பயந்துபோய்ச் சாப்பாட்டை விட்டவர்களை உட்கார வைத்துத் தட்டில் ஒரு கரண்டி திரும்பப் போடுகிற வேலை.