நான்காவது பெயரைத் தானே எடுத்துக்கொண்டவர்

கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது மாற்குவின் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போய்ட்டாரு. காபி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே நாற்காலியில சாஞ்சிட்டாரு" என்றான். கையிலிருந்ததை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கம் வருவதற்கு முன்னால், வலியில்லாமல் போனாரே என்ற நிம்மதிதான் வந்தது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். "ஆமா சித்தப்பா, அம்மாவும் அதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க" என்றான்.

வெல்டிங் பட்டறை தேவசகாயம் என்றால் காஞ்சிபுரம் வாலாஜாபாத் சாலையில் வீடு கட்டிய பலருக்கும் தெரியும். வாசல் கேட்டு, ஜன்னல் கம்பி, தறிக்கூடத்துக் கூரைச் சட்டம் என்று அவர் கைபட்டது இந்தப் பக்கத்தில் ஏராளம். என் பெயின்ட் கடைக்கும் அவர் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முப்பது வருடத்துக்கு மேல் அந்த இரைச்சலில்தான் நான் வியாபாரம் செய்தேன். கூடப் பிறக்கவில்லை என்றாலும் எனக்கு அவர் அண்ணன். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரை யோவான் என்றே அறிந்திருப்பீர்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

மூத்தவன் பிறந்ததும் மத்தேயு என்று பெயர் வைத்தார். அதோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று சுவிசேஷம் எழுதிய நாலு பேரும் தன் வீட்டில் பிறப்பார்கள் என்று சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டார். சொன்ன கையோடு பட்டறைக்குப் பெரிய போர்டும் எழுத வைத்தார். முதலில் 'மத்தேயு', பிறகு மூன்று பெயருக்கு வெறும் இடம், கடைசியில் 'வெல்டிங் ஒர்க்ஸ்'. "என்ன அண்ணே, பல்லு போன வாய் மாதிரி இருக்குது" என்றேன். "முளைக்கும்பா" என்றார். ஆசை மிகுந்த மனிதர், வாயை மட்டும் அடக்கத் தெரியாது. மாற்கு பிறந்ததும் இன்னொரு பெயர் ஏறியது. அதற்கும் பெயின்ட் என் கடையிலிருந்துதான் போனது.

லூக்கா பிறந்தபோது எஸ்தர் அண்ணி பிழைத்ததே பெரும்பாடு. ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அண்ணி வீட்டுக்கு வந்தார், போர்டில் மூன்றாவது பெயரும் ஏறியது. நாலாவது இடம் மட்டும் காலியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூட "யோவான் எப்போ?" என்று கேட்டார்கள். சபைப் பெண்கள் அண்ணியின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். தென்னேரியிலிருந்து வரும் அண்ணனின் அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னால், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, கர்த்தர் பாத்துக்குவாரு" என்பார். ஒருநாள் அண்ணி என் கடைக்கு வந்து நின்றார். "தம்பி, நான் இன்னொண்ணு பெத்துடட்டுமா? உங்க அண்ணன் அத்தினி பேரு முன்னால வாக்கு குடுத்துட்டாரே" என்றார்.

அண்ணி போனதும் நேராகப் பட்டறைக்குப் போய் அப்படியே சொன்னேன். அண்ணன் வேலையை நிறுத்திவிட்டார். பிறகு, "நான் வாயால சொன்னதுக்கு அவ உசுர குடுக்கணுமாப்பா?" என்றார். அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அவரை என் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைத் தானே செய்துகொண்டார். அந்த நாளில் ஆண்பிள்ளைகள் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். இவர் நாலு நாள் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்து, முதல் வேலையாக பெயின்டரைக் கூப்பிட்டு நாலாவது இடத்தில் 'யோவான்' என்று எழுதச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "எழுதட்டும்பா, சொல்றேன்" என்றார்.

பெயின்ட் காய்வதற்குள் செய்தி தென்னேரிக்குப் போய்விட்டது. அவர் அம்மா பை நிறையப் பலகாரத்தோடு பட்டறைக்கே வந்து, சாப்பாடு கொண்டு வந்திருந்த அண்ணியைக் கட்டிக்கொண்டு, "எத்தினி மாசம்?" என்று கேட்டார். அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, அழுகிற மாதிரி ஆகிவிட்டார். அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார்.

"அவள விடும்மா. யோவான் நான்தான்."

"உனக்கு நான் வச்ச பேரு என்னா ஆச்சு?"

"அது உனக்கு. மத்தவங்களுக்கு நான் யோவான். நாலு பேரும் வந்தாச்சு, இனிமே யாரும் இவள கேக்காதீங்க."

ஆபரேஷன் விஷயத்தையும் அங்கேயே உடைத்துச் சொன்னார். அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு பையோடு திரும்பிப் போனார். ஒரு மாதம் பேசவில்லை. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, முதலில் அழுது, பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மத்தேயுவுக்கு விவரம் தெரிந்த பிறகு, "தம்பி, தண்ணி கொண்டா" என்று அப்பாவையே அதிகாரம் செய்வான். "இதோ அண்ணே" என்று அவரும் எழுந்து போவார்.

அடக்கத்தன்று ஜெபம் செய்தவர் சபைக்குப் புதிதாக வந்திருக்கிற இளைஞர். வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. சுவிசேஷகர்களின் பெயரைத் தாங்கிய மூன்று பிள்ளைகள் என்று அவர் சொல்லும்போது, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி குறுக்கே பேசினார். "நாலு பேரு ஐயா. கடைசி ஆளு பெட்டியில இருக்காரு."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அண்ணிக்கு இப்போது வயது அறுபதை நெருங்குகிறது. அன்றைக்கு அதைச் சொல்ல அவர் உயிரோடு அங்கே நின்றிருந்தார். என் அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அதைத்தான்.