மேஜைமேல் வைத்த டி.சி.

மறைமலை நகரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்ப விழா நடக்கும். லாரிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. சீட்டு இல்லாமல் ஒரு திருகாணிகூட அவரைத் தாண்டி வெளியே போகாது. மேற்குத் தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸிலேயே எங்களை அழைத்துப் போய், பந்தலில் உட்கார வைத்து, கையில் ஒரு இனிப்புப் பொட்டலம் கொடுப்பார்கள். நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்த ஷெட்டிலிருந்து கரும்புகை கிளம்பியது.

பாய்லர் வெடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். அப்போது காட்டன் புடவை கட்டிய ஒரு பெண்மணி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பாய்லர் வெடிக்கல. பழைய சாக்கு போட்டு வெச்ச ரூம்ல தீப்பிடிச்சிருக்கு. உள்ள யாராவது இருந்தாங்களான்னு எனக்கு இன்னும் தெரியாது. போய்த் தெரிஞ்சுகிட்டு பத்து நிமிஷத்துல வந்து சொல்றேன். அதுவரைக்கும் குழந்தைங்களைக் கையில பிடிச்சுகிட்டு அப்படியே உக்காருங்க."

கூட்டம் உட்கார்ந்தது. அவரும் சொன்னபடி வந்து, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார். எனக்கு அதைவிட முதலில் சொன்னதுதான் பிடித்துப் போயிற்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொன்னால் பெஞ்சின்மேல் ஏற்றுவார்கள். இவரோ ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கிலேயே தெரியாது என்கிறார், அதைக் கேட்டு ஜனங்கள் பயம் தெளிகிறார்கள். அவர் யார் என்று அப்பாவைக் கேட்டேன்.

"பி.ஆர்.ஓ. அம்மா. மக்கள் தொடர்பு அதிகாரி. வர்றவங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கற வேலைன்னுதான் நானே நெனச்சுகிட்டிருந்தேன்" என்றார் அப்பா.

பஸ் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். அந்த வயதில் முடிவு செய்வதற்கு எனக்கு அவ்வளவு நேரமே அதிகம்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் அப்பா அந்த அம்மாவிடமே போய், என் பொண்ணு உங்க மாதிரி ஆகணும்ங்கறா, எங்க சேக்கறது என்று கேட்டார். அவர் ஒரு துண்டுத்தாளின் பின்பக்கத்தில் மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதிக் கொடுத்து, "கட்டடத்தைப் பாக்காதீங்க சார். பசங்களை எழுத வைக்கிறாங்களா, பேச வைக்கிறாங்களான்னு மட்டும் பாருங்க" என்றாராம். அப்பாவிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் போதும். சரக்கு வந்து இறங்கினால் எப்படிச் சோதிப்பாரோ அப்படிக் கல்லூரிகளைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார். மூன்று சனிக்கிழமை என்னையும் மின்சார ரயிலில் ஏற்றி அழைத்துப் போனார். விண்ணப்பம் வாங்குகிற இடத்தில் எல்லாரும் ஹாஸ்டல் உண்டா, பஸ் உண்டா என்று கேட்பார்கள். அப்பா ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "இங்க பொண்ணுங்களைப் பேச விடுவாங்களா சார்?" என்று கேட்பார். உள்ளே இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். நான் பூமி பிளந்தால் தேவலை என்று நிற்பேன்.

மூன்றாவது கல்லூரி பட்டணத்தின் நடுவில் இருந்தது. பி.ஏ. படிப்போடு பத்திரிகை, மக்கள் தொடர்பு என்று புதிதாக ஒரு பாடப்பிரிவு தொடங்கியிருந்தார்கள். மரங்கள் நிறைய. வராந்தாவில் மாணவிகள் கையால் எழுதிய சுவர்ப் பத்திரிகை ஒட்டியிருந்தது. ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டி ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே சமையல் பொறுப்பாளரின் பதிலும் இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நின்றே படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதான்" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பிறகு என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் படிப்புக்கு முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகம். எழுத்துத் தேர்வில் தமிழிலும் எழுதலாம் என்றார்கள். ஒரு ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்து நான்கு நாள் தண்ணீர் வராது என்றால் ஜனங்களுக்கு எப்படி அறிவிப்பாய் என்பது கேள்வி. தாம்பரத்துப் பெண்ணிடம் தண்ணீர் வராததைப் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பாளா? மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன்.

வெளியே வந்தபோதுதான் காற்று இறங்கியது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். ஒருத்தி, நல்ல பெண்தான், என்னைப் பார்த்து எங்கே இருக்கிறாய் என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். தாம்பரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. எனக்கு ஏனோ அது வாயில் வரவில்லை. பக்கத்தில்தான் என்று கையை ஒரு திசையில் காட்டினேன். அப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போவதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் போகும்வரை வேப்பமரத்தின் பின்னால் நின்றேன். அந்த வெட்கத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வு முடிவு வருவதற்குள் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, பஸ்ஸில் இருபது நிமிஷம். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். "கையில ஒண்ணு இருக்கட்டும்மா. அது வந்துச்சுன்னா இதை விட்டுடலாம்" என்றார் அப்பா. அந்த நாளில் எல்லா வீட்டிலும் இதையேதான் சொன்னார்கள். சேரும்போது டி.சி.யை அசலாகக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து விலகியதற்கு அவர்கள் தருகிற அந்த ஒரு தாள் இல்லாமல் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. அது ஒன்றே ஒன்றுதான். அதை அப்பா தன் கையாலேயே ஆபீசில் கொடுத்தார்.

பதினைந்தாம் நாள் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றோடும் வரவும். கூடவே இன்னொரு வரி: மாணவிகள் எட்டு எட்டுப் பேராக உட்கார்ந்து ஆங்கிலத்தில் கலந்துரையாட வேண்டும். அப்பா முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். நான் கடைசி வரியை.

புதன்கிழமை டி.சி.யைத் திரும்ப வாங்கி வரவேண்டும். ஸ்டோரில் வருஷாந்திரக் கணக்கெடுப்பு நடந்ததால் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "லேசில குடுக்க மாட்டாங்க. அழுதாவது வாங்கிட்டு வா" என்றார். தெருவில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சேர்ந்த பெண்ணை விடமாட்டார்கள், பிரின்சிபாலைப் பார் என்பார்கள், நாளைக்கு வா என்பார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆபீசில் இருந்த கிளார்க் கடிதத்தைப் படித்தார், எந்தக் காலேஜ் என்று கேட்டார், இரும்பு பீரோவைத் திறந்து கட்டைப் பிரித்து என் டி.சி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இந்தா. இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு என்னைவிட சந்தோஷம்.

"இன்னாம்மா, பெரிய காலேஜா? அதுக்கின்னா முழிச்சினு நிக்கிற? எடுத்துக்கினு ஓடு" என்றார்.

பேனா என் கையில் இருந்தது. எனக்கு அந்தப் படிக்கட்டும் எட்டுப் பேர் உட்காரப்போகிற வட்டமும் கண்ணில் வந்தன. ஏழு பேரும் பேசிவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான். "அப்பாவோட நாளைக்கு வரேன் சார்" என்று சொல்லிப் பேனாவை வைத்தேன். கிளார்க் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, சரிம்மா என்று அதை மறுபடி கட்டுக்குள் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்வரை பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அழுதுவிட்டு உண்மையைச் சொல்வோம் என்றுதான் இருந்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல், "குடுத்தாங்களா?" என்றார்.

"குடுக்க மாட்டேன்னுட்டாங்கப்பா."

"ஏன்? நாளைக்கு நானே வரேன். யாருன்னு பாக்கறேன்."

"வேணாம்பா. பிரின்சிபாலே சொல்லிட்டாங்க. சேந்தா சேந்ததுதானாம்."

இப்படி ஒரு வார்த்தை சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. அப்பா நம்பிவிட்டார். உள்ளே வந்த எதுவும் லேசில் வெளியே போகாத இடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், நம்பாமல் என்ன செய்வார்? நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் பி.காம். வகுப்பில் பற்று வரவு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

பி.காம். முடித்துப் பரீட்சை எழுதி பாங்கில் சேர்ந்தேன். பாரிமுனைக் கிளையில் வேலை. தாம்பரத்திலிருந்து ஏறினால் அந்தக் கல்லூரி ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகவேண்டும். தினமும் காலையில் அங்கே ஒரு கூட்டம் பெண்கள் துணிப்பைகளை மாட்டிக்கொண்டு, ஏதோ பாதிப் பேச்சைத் தொடர்ந்தபடி இறங்குவார்கள். சில பேர் தமிழில்தான் பேசினார்கள். சில பேர் என்னைவிட மோசமான இங்கிலீஷில் தைரியமாகச் சண்டை போட்டார்கள். எனக்கு வயிறு எரியும். ஒரு நாளாவது அவர்களோடு இறங்கி, அந்த வராந்தாவில் என் கையெழுத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்போல, பைத்தியக்காரத்தனமாக, ஆசையாக இருக்கும். ரயில் கிளம்பிவிடும். நான் இறங்கியதே இல்லை.

அதைவிடப் பெரிய தண்டனை ஜூன் மாதத்தில் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடு எதுவானாலும் அப்பா போய்விடுவார். யாரும் கூப்பிட வேண்டாம். "அவசரப்பட்டு டி.சி.யைக் குடுத்துடாதீங்க. என் பொண்ணு விஷயத்துல நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க" என்பார். பக்கத்தில் நான் இருந்தாலும் சொல்வார். நான் உள்ளே போய்விடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மறைமலை நகரில் கார் தொழிற்சாலை வருகிறது என்று ஊரே பேசியது. மக்கள் தொடர்பு படித்தவர்களுக்கு நல்ல காலம் என்றார்கள். அந்த ஜூனில் எதிர்வீட்டுப் பாயின் பெண்ணுக்கு, நான் போகாத அதே படிப்பில் இடம் கிடைத்தது. பாய் ஜி.எஸ்.டி. ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அப்பா சொல்லியும் கேட்காமல் பெண்ணை நான் படித்த கல்லூரியிலேயே முன்னால் சேர்த்துவிட்டிருந்தார். பதறிக்கொண்டு அப்பாவிடம் வந்தார். "நானே வரேன் பாய்" என்று அப்பா லீவு போட்டுக் கிளம்பினார். என் கடனையும் சேர்த்துத் தீர்க்கப் போகிறவர்போல இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நான் பாங்கிலிருந்து வந்தபோது அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாய் கொடுத்துவிட்டுப் போன அல்வா டப்பா பிரிக்காமல் இருந்தது. பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"ரெண்டு நிமிஷத்துல குடுத்துட்டாங்கம்மா. ஒரு கேள்வி கேக்கல" என்றார். அவர் என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். "பெரியவங்க யாராவது கூடப் போனா குடுத்துடுவாங்க போல. அன்னைக்கு நான் வந்திருக்கணும். கணக்கெடுப்பு, அது இதுன்னு உன்னத் தனியா அனுப்பிட்டேனே."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அன்னைக்கும் குடுத்தாங்க. மேஜைமேல வெச்சாங்க. நான்தான் வாங்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அத்தனை ஜூன் மாதங்களுக்கும் சேர்த்து ஒரு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பயந்துட்டியா?" என்றார்.

தலையாட்டினேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லி வெச்சிருந்தேனே. நீ பேசி முடிக்கிற வரைக்கும் வெளியில நின்னிருப்பேனே."

அவர் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். இன்றைக்கும் அந்தக் கல்லூரியை நினைத்தால் எனக்கு ஏக்கம் வரும். வகுப்பு, சுவர்ப் பத்திரிகை, சிநேகிதிகள் எல்லாம் இப்போது அதில் மங்கலாகத்தான் இருக்கின்றன. வராந்தாவில் அப்பா கண்ணாடியைத் துடைத்தபடி நிற்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நான் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போகிறேன்.