ஒல்லியாக இருந்த யோன்சில்

தென்கொரியாவின் தேகு நகரத்து நிலத்தடிக் கடைத்தெருவில் யோன்சிலின் துணிக்கடையும் என் காலுறைக் கடையும் பதினேழு வருடம் ஒட்டியே இருந்தன. அவள் கடையில் துணி மாட்டிவைக்கும் பொம்மை கிடையாது. புதிதாக வந்த உடுப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். பார்த்தவர்கள் அதையே கேட்டு வாங்குவார்கள். ஐம்பத்துநான்கு வயதிலும் நாற்பத்தேழு கிலோ. அதில் அவளுக்கு அத்தனை பெருமை. மதியம் ஒரு அரிசிப் பிட்டு, மற்றபடி நாள் முழுக்கச் சர்க்கரை கலந்த பொட்டலக் காபி.

என் பருமனைக் கேலி செய்யாமல் அவளுக்குப் பொழுது போகாது.

“பொக்னம் அக்கா, கொஞ்சம் நகர்ந்தீங்கன்னா எனக்கும் காத்து வரும்.”

“வரட்டும். வந்து உன்னைத் தூக்கிட்டுப் போகட்டும்.”

அந்த வருடம் அரசாங்க உடல் பரிசோதனைக்குச் சேர்ந்தே போனோம். மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவே அழுத்திப் படம் எடுத்தார்கள். குண்டான எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரி, படமும் தெளிவு. அவளுக்குச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு எல்லாமே ஏறியிருந்தன.

“உங்க மார்புல திசு அடர்த்தியா இருக்கு,” என்றார் மருத்துவர். “படத்துல அது வெள்ளையாத் தெரியும். கட்டி இருந்தா அதுவும் வெள்ளைதான். இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியலை. ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க.”

“மாதவிடாய் நின்னே நாலு வருஷமாச்சே டாக்டர்?”

“பொதுவா அதுக்கப்புறம் அடர்த்தி குறையும். சர்க்கரையும் கொழுப்பும் தாறுமாறா இருந்தா குறையாம நிக்குமான்னு இன்னும் ஆராய்ஞ்சுட்டுத்தான் இருக்காங்க. ஆனா ஒல்லின்னா ஆரோக்கியம்னு நினைச்சுடாதீங்க.”

வெளியே வந்ததும் சிரித்தாள். “அக்கா, உங்க ரிப்போர்ட்டை எனக்குக் குடுத்துட்டாங்க.”

நானும் சிரித்தேன். “குளிர்காலச் சரக்கு வர்ற நேரம். அதை முடிச்சுட்டு ஸ்கேனுக்குப் போயேன்.” அதைச் சொன்னது நான்தான்.

சரக்கு வந்தது, விற்றது. இருவருமே மறந்துபோனோம். மறு வருடம் அவள் ஒரு ஸ்வெட்டரைத் தலைவழியே இழுக்கும்போது, அக்குளில் கட்டி கையில் தட்டுப்பட்டது. புற்றுநோய். மார்பை அகற்றினார்கள். சர்க்கரையால் புண் ஆறவில்லை. மருந்தேற்றுவது இருமுறை தள்ளிப்போனது. அதற்குள் எலும்புக்கும் பரவிவிட்டது.

ஒருநாள் கஞ்சி கொண்டுபோனேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

“அக்கா, டாக்டர் உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருந்தா ஸ்கேனுக்குப் போயிருப்பீங்களா?”

மறுநாளே ஓடியிருப்பேன். குண்டானவளுக்கு உடம்பைப் பற்றிய பயம் எப்போதும் உண்டு.

“நானா? போயிருக்க மாட்டேன்டி.”

“பொய்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

பிப்ரவரியில் போய்விட்டாள். அவள் கடை இன்னும் ஷட்டர் போட்டே கிடக்கிறது. அது கண்ணில் படாதபடி நான் என் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.