ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி

ரெபேக்காள் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டது அவனுடைய வலது காலைப் பார்த்துத்தான். முகத்தை அப்புறம்தான் பார்த்தாள்.

செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை அவன் ஓட்டினான். டிரைவருக்கு இடப்பக்கம் இருக்கும் முதல் சீட்டைப் பிடிப்பதற்காகவே அவள் நாஸ்தாவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவாள். எதிரே மாடு வந்தாலும், ஷேர் ஆட்டோ குறுக்கே பாய்ந்தாலும், அந்தக் கால் பிரேக்கைத் தேடி ஓடாது. முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாக எழும்பும். பஸ் தானாகவே அடங்கும். நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்கத் தேவையிருக்காது.

ஒருநாள் இறங்கும்போது, "அண்ணாத்த, முன் டயரு உள்பக்கமா தேயுது, பாருங்க" என்றாள்.

"இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல என் டயரும் தெரியுதா?" என்று கேட்டான். மறுநாள் டயரைப் பார்த்துவிட்டு வந்து வாயை மூடிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகும் யார் வீட்டுக்கு வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பான்: "மொத மொதல்ல என்ன அண்ணாத்தன்னு கூப்ட்டவ இவ."

ரெபேக்காளின் அப்பா சாலமோன் சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர்; பிறகு லாரி ஷெட்டில் லோடுமேன். மகளைப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க வைத்தார். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இப்போது சிறுசேரியில் அவளுக்கு வேலை, கார்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது. ஸ்பிரிங்கை இறுக்கினால் என்ன ஆகும், டயர் நனைந்தால் என்ன ஆகும் என்று எண்களாலேயே ஒரு காரை ஓட்டி, எண்களாலேயே கவிழ்த்து, மறுபடி எடுத்து நிறுத்துவாள். திரையில் கவிழும் காருக்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

கையில் அழுக்கு ஒட்டாத அந்த வேலை அவளுக்குப் போதவில்லை. பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினாள். மாமல்லபுரம் போகும் வழியில், மனை விற்பதற்காகத் தார் போட்டு அப்படியே விட்டுப்போன பெரிய வெளி ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே ஆரஞ்சுக் கூம்புகளை வளைந்து வளைந்து நட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். நாவலூர் ஐ.டி. பையன்களும் கல்பாக்கத்து உத்தியோகஸ்தர்களும் சொந்தக் காரையே கொண்டுவந்து ஓட்டிவிட்டு, அதே காரில் குடும்பத்தோடு மீன் சாப்பிடப் போவார்கள்.

அங்கே ரெபேக்காளின் கார் ஒரே ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் முன்சக்கரம் கத்திக்கொண்டு நேராகவே போகும், கூம்பு விழும்.

"உன் வண்டி எங்க மாமியார் மாதிரி. எவ்ளோ திருப்புனாலும் நேராத்தான் போவுது" என்பான் இனியன். திருக்கழுக்குன்றம் சாலையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன். அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவன்.

டயரில் காற்றைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள். பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றினார்கள். கடைசியில் மிச்சமிருந்தது ஒரே வழி. பின்சக்கரங்கள் மாட்டியிருக்கும் இடத்தில் ஆப்புப் போன்ற மெல்லிய தகடுகளைச் செருகி, அந்தச் சக்கரங்களின் முன்விளிம்பு கொஞ்சம் வெளியே பார்க்கும்படி வைப்பது. அப்படி வைத்தால் காரின் பின்பக்கம் எப்போது நழுவலாம் என்று காத்துக்கொண்டே வரும். வளைவில் காலை எடுத்தால் போதும், பின்பக்கம் வீசிக்கொண்டு வந்து காரின் மூக்கைத் திருப்பிவிடும். கூம்புகளுக்கு நடுவே அது வரம். ரோட்டில், அதுவும் ஈர ரோட்டில், அதை நினைக்கக்கூடக் கூடாது.

அதற்குத்தான் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. முன்பு ஒருமுறை அவள் சக்கரத்து நட்டுகளை இறுக்காமல் விட்டுப்போக, ஸ்டான்லி சாவியைப் போடப்போய், ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்துத் தப்பித்தான். அன்றைக்கு அவளே கிழிந்த சிவப்புத் துப்பட்டாவில் ஒரு முழம் வெட்டி, "இது ஸ்டீயரிங்குல கட்டியிருந்தா வண்டிய யாரும் தொடக்கூடாது. இல்லன்னா எடுக்கலாம்" என்றாள். ஸ்டான்லி அதை ஒருநாளும் மீறியதில்லை. துணி கட்டியிருக்கிற நாட்களில் காரைத் துடைக்கக்கூடக் கிட்டே போகமாட்டான்.

செப்டம்பர் கடைசியில் அந்த வெள்ளிக்கிழமை, இனியனின் கடையில் தகடுகளைப் போட்டு முடித்தார்கள். காரை அன்றே அவனுடைய மினி டிரக்கில் வீட்டுக்கு ஏற்றிப்போய், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே அந்த வெளிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ரெபேக்காள் துணியைக் கட்டினாள். டிரக் ஒரு லோடோடு மதுராந்தகத்தில் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தது.

"இங்கியே இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றான் இனியன்.

"கடைக்கு வெளியவா? பக்கத்துலதான வூடு. நானே ஓட்டிகினு போறேன்."

"துணியக் கட்டிகினேவா?"

"துணி தெரியாதவங்களுக்குடா. எனக்குத் தெரியும்ல."

"சட்டம் போட்டவளே மீறுனா நாங்க இன்னா பண்றது?" என்று சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே துணியை அவிழ்த்துத் தோள்பைக்குள் திணித்தாள்.

காய்ந்த ரோட்டில் கார் அற்புதமாகப் போனது. சும்மா நினைத்தாலே திரும்பியது. வாசலில் நிறுத்தியபோது ஆபீசிலிருந்து அழைப்பு: நாளை சனிக்கிழமை வரமுடியுமா? போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போனாள். பை தோளிலேயே இருந்தது.

சனிக்கிழமை பஸ் கிடையாது. கம்பெனி அனுப்பிய காரில் போனாள். சோதனை அறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் வெளியே வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் வானம் கறுத்திருந்தது. வெகு நாளாக மழையே இல்லை. இத்தனை நாள் சொட்டிய எண்ணெயும் புழுதியும் ரோட்டில் படிந்திருக்கும். முதல் மழையில் எல்லாம் சோப்பாகக் கிளம்பும் என்று வழக்கம்போல ஒரு கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. குடை இருக்கிறதா என்று பைக்குள் கைவிட்டாள்.

விரலில் சுற்றிக்கொண்டு வந்தது சிவப்புத் துணி.

போனை எடுத்தாள். ஸ்டான்லியின் குரல்செய்தி ஒன்று காத்திருந்தது.

"ரெபே, ஹெலனுக்குப் பல்லு வீங்கிக்கினு கீதாம். சட்ராஸ் போயி கூட்டியாந்து டாக்டராண்ட காட்டணும். மழ வர்ற மாதிரி கீது, பைக் வாணாம்னு கார எடுத்துக்கறேன். துணி இல்ல, நல்லா பாத்துட்டேன்."

நல்லா பாத்துட்டேன்.

அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். எடுக்கமாட்டான் என்று தெரியும். ஓட்டும்போது போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடுவது அவன் வழக்கம். நாப்பது உசுரு பின்னால கீது என்பான். காலி வண்டியிலும் அதே வழக்கம்தான். அவன் தங்கை ஹெலனை அழைத்தாள்.

"அண்ணன் இன்னும் வர்ல அண்ணி" என்றாள் ஹெலன், வீங்கிய வாயோடு. "இங்க செம மழ. கரண்டு வேற இல்ல. இன்னா அண்ணி, குரல் ஒரு மாதிரி கீது?"

"வந்தா வண்டிய எடுக்கவுடாத. சாவிய வாங்கி வெச்சிக்க. நீயும் ஏறாத. நான் வரேன்."

"இன்னா ஆச்சி அண்ணி?"

"ஒண்ணும் ஆவல. எடுக்கவுடாத, அவ்ளோதான்."

வாடகைக் கார் திருப்போரூரைத் தாண்டியதும் மழை எதிர்கொண்டது. அவளுக்குத் திரை தேவைப்படவில்லை. செங்கல்பட்டிலிருந்து சட்ராஸ் போகும் வழியில், திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், ஏரிக்கரையை ஒட்டி ஒரு நீண்ட வளைவு. அங்கே எப்போதும் ஆடு, மாடு, இல்லாவிட்டால் எதிரே பஸ். ஸ்டான்லி என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். பதறமாட்டான், பிரேக்கை அமுக்கமாட்டான். அவன் கால் மெதுவாக எழும்பும். எடை முன்னால் சாயும், பின்சக்கரம் இலேசாகும். வேறு எந்த டிரைவராவது முரட்டுத்தனமாக ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போய்த் தப்பிக்கலாம். இவன் தப்பிக்கமாட்டான். இவன் நல்ல டிரைவர்.

மடியில் துணி இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வாடகைக் கார்க்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வேகமா போவட்டுமா மேடம்?" என்றார்.

"வாணாம்ணா" என்றாள். "மெதுவாவே போங்க."

போன் அடித்தது. தெரியாத எண்.

"ஏம்மா, ஸ்டான்லி சம்சாரமா? நான் ஏரிக்கர டீக்கட. இருங்க, குடுக்கறேன்."

மழைச் சத்தம். பிறகு மூச்சு. பிறகு ஸ்டான்லி.

"ரெபே. வண்டி திரும்பிக்கிச்சி."

"உனக்கு இன்னா ஆச்சி?"

"எனக்கு ஒண்ணுமில்ல. போனு வண்டிக்குள்ளயே கீது. அதாண்ட போவ மனசு வர்ல."

அவள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. சட்ராசுக்குப் போன கார் செங்கல்பட்டைப் பார்த்து நின்றது. பின்பாதி வரப்பைத் தாண்டிச் சேற்றில் புதைந்திருந்தது. டிரைவர் கதவுக்கும் ஒரு பனைமரத்துக்கும் நடுவே ஒரு கை நுழையலாம், அவ்வளவுதான். முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. யாரும் அணைக்கவில்லை.

ஸ்டான்லி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"கெளம்பும்போதே கொஞ்சம் அலையற மாதிரி இருந்திச்சி. காத்துன்னு நெனச்சேன்" என்றான். "ஒரு கன்னுக்குட்டி குறுக்க வந்திச்சி. தூரத்துலதான். கால எடுத்தேன் ரெபே, அவ்ளோதான் பண்ணேன். எனக்கு முன்னால பனமரம் போச்சி, ஏரி போச்சி, வந்த ரோடே போச்சி. எதுக்க ஒரு பஸ்ஸு. அந்த டிரைவரு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "என் காலுல ஏதோ கோளாறு. திங்கக்கெழம பஸ்ஸ எடுக்கமாட்டேன். ஆபீசுல சொல்லிடப்போறேன்."

"கால் இல்ல" என்றாள். துணியை எடுத்து அவன் முன்னால் பெஞ்சில் வைத்தாள். "நான்."

அவன் துணியைப் பார்த்தான். தகடு போட்டதை, அவிழ்த்ததை, பைக்குள் வைத்ததை எல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை துணியையே பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நேத்து நீ இத ஓட்டிகினு வந்தியா?"

"ஆமா."

"மழ பேஞ்சிருந்தா?"

அவள் பனைமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"துணி உனக்கும் சேத்துதான்டி" என்றான், மெதுவாக. எழுந்து சேற்றில் இறங்கிப்போய், டிரைவர் கதவைத் திறக்க இடமில்லாமல் மறுபக்கக் கதவு வழியாக எட்டி, ஸ்டீயரிங்கில் துணியைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டான். பிறகு விளக்கை அணைத்தான்.

ஹெலனை அவள் புருஷன் ஜெரோம் மறுநாள் பஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிப்போனான். ஞாயிற்றுக்கிழமை கூம்புகளை நட்டார்களா, யார் ஜெயித்தார்கள் என்று ரெபேக்காள் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுக்க இனியனின் கடையில் குந்தி, சேற்றிலிருந்து இழுத்துவந்த காரின் பின்சக்கரங்களைக் கழற்றித் தகடுகளை எடுத்தாள். இனியன் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. தகடுகளை வாங்கிப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டான். அவள் அவற்றைத் திரும்ப எடுத்துத் தன் கையாலேயே வளைத்துப்போட்டாள்.

திங்கட்கிழமை ஸ்டான்லி பஸ்ஸை எடுத்தான். எடுக்க வைத்தவள் அவள்தான். காலில் கோளாறு இல்லை, கோளாறு வண்டியில், வண்டியில்கூட இல்லை, என்னிடம் என்று இரவெல்லாம் சொல்லிச் சொல்லி அனுப்பினாள். அவனும் தலையாட்டினான். அவள் எப்போதும்போல முதல் சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ காதில் பாட்டு கேட்டபடி தூங்கினார்கள். யாரோ இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

திருப்போரூர் நெருங்கும்போது தூறல் போட்டது. துடைப்பான் ஒருமுறை போய்வந்தது. முன்னால் வளைவு, வளைவில் ஒரு எருமை, அவசரமில்லாமல் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ரெபேக்காள் எருமையைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

அது எழும்பவில்லை. அழுத்தவும் இல்லை. ஆக்சிலேட்டரின் மேல் அப்படியே நின்றது, யாரையோ கேட்டுச் சொல்கிறேன் என்பதுபோல. பஸ் அதே வேகத்தில் வளைவுக்குள் போனது. எருமை என்ன நினைத்ததோ, ஒரு எட்டு பின்னால் வைத்துக்கொண்டது. பஸ் அதன் கொம்பை ஒட்டிக் கடந்தது.

பின்னால் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டான்லி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளாக அந்தச் சீட்டில் அவள் கம்பியைப் பிடித்ததே இல்லை. இப்போது பிடித்தாள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. சிறுசேரிக்கு இன்னும் தூரம் இருந்தது.