ஐந்து மணி லோரி

போன மாதம் பாரோயில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் நின்றுபோய், மகளின் பள்ளியை மூன்று நாள் மூடிவிட்டார்கள். தண்ணீர் வந்ததும் பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட இரண்டு வழி இருக்கிறது என்றார் தலைமையாசிரியர். சனிக்கிழமைகளில் பள்ளி வைக்கலாம். இல்லையென்றால் தினமும் அரை மணி நேரம் கூடுதலாக நடத்தி, விட்டுப்போன மணி நேரம் நிரம்பியதும் நிறுத்திக்கொள்ளலாம். "எத்தன நாளு வந்தாங்கங்கிறத விட எத்தன மணி நேரம் படிச்சாங்கங்கிறதுதாங்க முக்கியம்" என்றார். எனக்குப் பின்னால் இருந்த ஓர் அப்பா எழுந்து, "நாளுக்கு நாளு குடுத்துருங்க சார். அர மணி அர மணியா குடுத்தா எங்க போச்சுன்னே தெரியாது லா" என்றார். மண்டபமே சிரித்தது.

கை தூக்கச் சொன்னார்கள். நான் அரை மணி நேரத்துக்குத்தான் தூக்கினேன். ஆனால் பொது இடத்தில் என் கை தோளுக்கு மேல் போகாது. எண்ணிக்கொண்டு வந்தவர் அதைக் கணக்கில் சேர்த்தாரா, தலைமுடியைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துத் தாண்டிப் போனாரா, தெரியவில்லை. எப்படியோ அரை மணி நேரமே வென்றது. வாய் திறந்து ஏன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மண்டபத்துக்குப் பின்னால் சிற்றுண்டிச்சாலை. அன்று அங்கே நெத்திலிச் சம்பல் தாளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எனக்கு எப்போதும் ஒரே இடத்தைத்தான் கொண்டுவரும். நான் படித்த இடைநிலைப்பள்ளியின் காண்டீன், அதிலும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மேசைகள் காலியாக இருக்கும் நேரம்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் ரந்தா டவுனைத் தாண்டி உள்ளே இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் டவுனில் இருந்த பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மத்தியான வகுப்பு. ஒன்றேகால் மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு முடியும். போக வர, தோட்டத்து லோரி. காலையில் உர மூட்டை ஏற்றிய அதே லோரிதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதில் ஏறினால் பள்ளியில் இறங்கும்போது நாங்களும் கொஞ்சம் உரம்தான். வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைச் சுருக்குவான். நான் சன்னலைப் பார்ப்பேன்.

லோரி ஓட்டிய முத்தையா மாமா தங்கமான மனிதர். ஆனால் அவருக்கு ஒரு கட்டாயம் இருந்தது. ஆபீஸ் அடைக்கும் முன் லோரிச் சாவியைக் கிராணியிடம், அதாவது எங்கள் தோட்டத்துக் கணக்கரிடம், ஒப்படைத்தாக வேண்டும். அதனால் ஐந்து மணிக்குப் பள்ளி வாசலில் ஒரே ஒரு ஹாரன் அடிப்பார். நாங்கள் நான்கு பேர் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு, நடக்கிற பாடத்தின் நடுவே எழுந்து போய்விடுவோம். ஆரம்பத்தில் ஒரு ஆசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கியதுதான். பிறகு யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பள்ளி முடியும் மணி எப்படி அடிக்கும் என்றே எனக்குத் தெரியாது.

வீட்டில் இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையாக நிற்க, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். பேர் விழுந்துவிட்டால் அந்த நாள் கூலி உண்டு. என் அம்மா பால்மரம் வெட்டுகிறவர். அவருக்குப் பள்ளிக்கூடமும் பெரட்டு மாதிரிதான்.

"இன்னைக்குப் பேரு கூப்டாங்களா?"

"கூப்டாங்கம்மா."

"அப்ப சரி. போயி தண்ணி எடுத்தா."

இப்படி ஒரு நாள்கூட மட்டம் போடாமல் போனதில், பெரிய பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அதாவது இரண்டாம் படிவம், முடிந்தபோது முழு வருகைக்கான பரிசு எனக்குக் கிடைத்தது. ஒரு ஜியோமெட்ரிப் பெட்டி. மேடையேறி வாங்கினேன். பெட்டியில் இருந்த கருவிகளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் கணிதம், வாரத்தில் பாதி நாளுக்கு மேல், கடைசிப் பாடம்.

மூன்றாம் படிவத்தில் அரசாங்கச் சோதனை. அதில் தேறினால்தான் நான்காம் படிவம். தேறாதவர்கள் மறுமாதமே அம்மாவோடு பெரட்டில் நிற்பார்கள். என் அக்கா அப்படித்தான் நின்றார். "பாஸானா படி. இல்லன்னா மண்வெட்டி இருக்கு" என்று அம்மா மிரட்டாமல், சமையலுக்கு நடுவே சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த ஆண்டுதான் சிக்கு ஹமீடா வந்தார். ஆசிரியர் யாரானாலும் எங்களுக்கு 'சிக்கு'தான். கணிதம் எடுக்க வந்தவர். பெரிய கண்ணாடி, சின்ன மோட்டார் சைக்கிள், சட்டென்று கோபம் வரும். ஐந்து மணிக்கு நான்கு நாற்காலிகள் காலியாவதைப் பார்த்து, நாங்கள் ஊர் சுற்றுகிறோம் என்று நினைத்துவிட்டார். முதல் பரீட்சையில் என் தாளில் சிவப்பு மையைத் தவிர வேறொன்றும் இல்லை. வருகைப் பதிவைப் பார்த்தால் ஒரு நாள் விடாமல் வந்திருக்கிறோம். நால்வரையும் நிறுத்தி மலாயில் கேட்டார், தினமும் எங்கே போகிறீர்கள் என்று.

எங்களில் வாய் உள்ளவன் குணா ஒருவன்தான். "லோரி, சிக்கு" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் வரவில்லை.

பாட நேரத்தை மாற்றித்தரச் சொல்லிச் சிக்கு பள்ளியில் கேட்டிருக்கிறார். நான்கு பேருக்காக மாற்ற முடியாது என்றிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அம்மா தன் தோட்டத்து மலாயில், என் பிள்ளை ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை என்றார். பரிசுப் பெட்டியையும் எடுத்துவந்து காட்டினார். சிக்கு பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. நாள் தவறாமல்தான் வருகிறாள், ஆனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, மொத்தமாகச் சேர்த்தால் ஆண்டில் பல வாரம் வராதவளைப் போல, என்று மெதுவாக விளக்கினார்.

அம்மா பெட்டியை வாங்கி மூடினார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "அப்ப இத்தன நாளா மரத்த வெட்டிட்டு, மங்குல பால அப்படியே உட்டுட்டு வந்திருக்க" என்றார். மங்கு, மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கிற கிண்ணம்.

பள்ளி முடியும்வரை லோரியை நிற்கவிடச் சொல்லிக் கேட்க, மறுநாளே கிராணியிடம் போனார். பெரட்டில் தலை நிமிராத என் அம்மா ஆபீஸ் படியேறிப் பேசியதே எங்கள் வரிசையில் பெரிய செய்தி. கிராணி ஏசவில்லை. "ஒங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா சாவி நேரத்துக்கு வரலன்னா தொர என்னத்தான் கேப்பாரு" என்று அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு சிக்கு பதில் கேட்க வந்தார். கேட்டார். அம்மா கிராணி சொன்னதைச் சொன்னார். அம்மா கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டு, சிக்கு தலைக்கவசத்தை மாட்டத் தொடங்கினார்.

அவர் போய்விட்டால் என் கதை முடிந்தது என்று தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "காமி டாத்தாங் ஆவால், சிக்கு" என்றது. நாங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறோம் என்று பொருள். என் குரல்தான். எனக்கே வியப்பு.

உண்மை அதுதான். முத்தையா மாமாவுக்கு டவுனில் தபால் எடுக்கிற வேலை, சாமான் வாங்குகிற வேலை எல்லாம் இருந்ததால், பன்னிரண்டு மணிக்கே எங்களை இறக்கிவிட்டுப் போய்விடுவார். வகுப்பறைகளில் காலைப் பிள்ளைகள் இருப்பார்கள். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காண்டீன் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். மாலையில் எவ்வளவு போனதோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் மத்தியானத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது.

சிக்கு தலைக்கவசத்தைக் கழற்றினார். அம்மா என்னைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்றதுக்கென்னா? வாயில கொழுக்கட்டயா?" என்றார்.

மறுநாள் முதல் பன்னிரண்டு மணிக்குக் காண்டீனில் கணிதம். காண்டீன் நடத்தியவர் ராமநாதபுரம் பக்கத்து பாய். முதல் நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "என்னா புள்ளைங்களா, சோறு விக்கிற எடத்துல கணக்கா? வாங்குறவனுக்கு நாசி லெமாக்கா அல்ஜிப்ராவா?" என்றார். பிறகு அவரே, வெயில் படாத ஓர மேசையை எங்களுக்கென்று ஒதுக்கி, அதில் வேறு யாரையும் உட்கார விடவில்லை.

அது சிக்குவின் சாப்பாட்டு நேரம் என்பது எங்களுக்குப் பல வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு கையில் சோறு, மறு கையில் பென்சில். என் கணிதப் புத்தகத்தில் சம்பல் கறை படாத பக்கம் குறைவு. கோபம் மட்டும் குறையவில்லை. தப்பாகப் போட்டால் கரண்டியால் மேசையைத் தட்டுவார். குணா காதோடு, "சரியா போடு, தட்டு ஒடஞ்சா பாய் நம்மகிட்ட கேப்பாரு" என்பான். நோன்பு மாதத்திலும் வந்தார். நாங்கள் ரொட்டியை மேசைக்கடியில் ஒளித்துவைத்துக் கடித்ததைப் பார்த்து, மேலே வைத்துச் சாப்பிடுங்கள், பசியோடு பின்னம் வராது என்றார். அவர் வாயில் தண்ணீர்கூடப் படாமல் அன்று பின்னம் நடத்தினார்.

சோதனை முடிவைப் பள்ளியில் ஒட்டுவார்கள் என்று சொன்ன நாளில், பள்ளி விடுமுறை. லோரி கிடையாது. அம்மா வேலைக்குப் பேர் கொடுக்காமல் என்னோடு பஸ்ஸில் வந்தார். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பலகையில் பார்க்கப் பயந்து முதலில் காண்டீன் பக்கம் போனேன். முடிவு பார்க்க வருகிறவர்களுக்காகக் கடை திறந்திருந்த பாய், எங்களைக் கண்டதும் இரண்டு தேநீரை முன்னால் வைத்தார்.

"குடிங்கம்மா, காசு வேணாம். காலையிலயே சிக்கு வந்து பாத்துட்டாங்க. நாலும் பாஸு. போர்டிக்சன் ஸ்கூலுக்கு மாத்தலாகிப் போறாங்கல்ல, சாமான் ஏத்துன லாரிய ரோட்டுலயே நிறுத்தி வச்சிட்டு ஓடியாந்தாங்க."

அம்மா தேநீரைத் தொடவில்லை. போர்டிக்சன் சாலை எந்தப் பக்கம் என்று கேட்டார். பாய் கை காட்டிய திசையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, ஆறிப்போனதைக் குடித்தார்.

நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். அதற்கு மேல் தலையில் ஏறவில்லை. ஆனால் இத்தனை ஆண்டும் ஒரு மருந்துக்கடையில், யாரும் குறை சொல்லாத அளவுக்கு, வேலை பார்க்க அது போதுமானதாக இருந்தது. எங்கள் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமாகி, அப்புறம் பாதி வீடுகளாகிவிட்டது. அந்தப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்து, மத்தியான வகுப்பே எடுபட்டுவிட்டது. காண்டீன் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பிள்ளைகளை வேன்கள் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டு, சரியான நேரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்து இறங்கும் பிள்ளை மட்டும் இப்போது ஒன்றுகூட இல்லை.